ஒற்றும் களவும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், தொழிற்பேட்டையின் கூடங்களையும் சரக்கு வண்டிகளின் நெரிசலையும் கண்டு, திருமழிசை என்பது அண்மைக் காலத்தில் எழுந்த ஊர் என்றே எண்ணிப் போய்விடுதல் கூடும். சாலையினின்று விலகி ஊருக்குள் நடந்து ஜகந்நாதப் பெருமாள் சந்நிதியை அடைந்தவர்களுக்கோ, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை ஒன்று அமைதியாகத் தம்மை எதிர்கொள்வது விளங்கும். ஆழ்வார் பன்னிருவருள் ஒருவர் அவதரித்த ஊர் இது. தை மாதத்து மக நட்சத்திரத்தில் அவருடைய திருநாள் இங்கே கொண்டாடப்படுகிறது. அவருக்கு வலக்காற் பெருவிரலில் ஒரு கண் உண்டென்றும், சிவபெருமான் நெற்றிக்கண்ணைத் திறந்தபோது இவர் திருவடிக் கண்ணைத் திறந்து நின்றாரென்றும் குருபரம்பரைக் கதைகள் கூறும்.

நடக்கின்ற உறுப்பிலே காண்கின்ற உறுப்பை வைத்த அந்தக் கற்பனையை நினைக்குந்தோறும், அதனோடு யாதொரு தொடர்பும் இல்லாத வேறொன்று என் நினைவில் எழுவதுண்டு. ஒற்றனும் நூலுமே அரசனுக்குக் கண்கள் என்று வள்ளுவர் வகுத்தார். நூலாகிய கண் இருந்த இடத்தில் இருந்தே காண்பது. ஒற்றனாகிய கண்ணோ ஊர் ஊராக நடந்து சென்று காண்பது. அந்த நடக்கும் கண்ணின் சரித்திரத்தையும், அது காதலோடு எதிர்ப்பட்டபோது நேர்ந்தவற்றையும், இந்தத் தொண்டை நாட்டுச் சாலையோரத்தில் நின்றபடியே சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த எண்ணத்தைத் தூண்டியது ஒரு திரைப்படக் கதை. 2012-ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் வெளியான ‘திஸ் மீன்ஸ் வார்’ என்னும் படத்தில், உயிர் நண்பர்களான அமெரிக்க ஒற்றர் இருவர், தாம் நாடுவது ஒரே நங்கையை என்பதை அறிந்த பின்னும் விட்டுக்கொடாமல், அரசாங்கம் தமக்கு அளித்த ஒட்டுக்கேட்கும் கருவிகளையும் மறைகாமிராக்களையும் அவள் வீட்டிலேயே பொருத்தி, ஒருவன் முயற்சியை மற்றவன் கெடுக்கிறான். கடைப்பொருள்களைச் சோதித்துத் தரம் கூறுவதைத் தொழிலாகக் கொண்ட அந்தப் பெண்ணோ, தன்னையே இருவர் சோதனைப் பொருளாக்கி வைத்திருப்பதை அறியாமல் இருவரையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். அடிதடியும் நகைச்சுவையும் கலந்த இக்கதை பொழுதுபோக்குக்கு உரியதே. ஆனால் ஒற்று, காதல், போட்டி என்னும் மூன்றும் ஒரு புள்ளியில் சந்திப்பதைத் தமிழ் மரபு எவ்வாறு நோக்கியிருக்கும் என்று வினவினால், விடை மிக ஆழமான இடத்திலிருந்து கிடைக்கிறது.

முதலில் சொல்லையே நோக்குவோம். ஒற்றுதல் என்பது மெல்லப் பொருந்தத் தொடுதல். கண்ணீரைத் துணியால் ஒற்றுகிறோம், காயத்தைப் பஞ்சால் ஒற்றுகிறோம். இலக்கணத்தில் புள்ளி பெற்ற மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றே பெயர். செய்யுளில் எழுத்தெண்ணும்போது அதனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. அடுத்து நிற்கும், ஓசையை மாற்றும், ஆயினும் எண்ணிக்கையில் வாராது. பகைவர் நாட்டில் வாழும் மறைவினைஞனுக்கும் அதே பெயர் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. அவனும் எல்லோரோடும் பொருந்தி நிற்பான். காரியத்தின் போக்கை மாற்றுவான். ஆனால் யாருடைய கணக்கிலும் அவன் இருத்தலாகாது.

இத்தொழில் தமிழகத்தில் அரண்மனையிலே பிறந்ததன்று. ஆநிரை கவரச் சென்ற காட்டு வழியிலே பிறந்தது. வெட்சித் திணையின் துறைகளைத் தொகுத்த இலக்கண ஆசிரியர்கள், வீரர் நிரையைக் கவர்வதற்கு முன் பகைப்புலத்தில் நிரை எங்கே நிற்கிறது, காவலர் எத்தனை பேர், வழி எவ்வாறு கிடக்கிறது என்பவற்றை அறிந்து வந்து சொல்லுதலை ‘வேய்’ என்று தனித் துறையாகவே வைத்தனர். இன்று நாம் வழங்கும் ‘வேவு’ என்னும் சொல்லை அந்தப் பழஞ்சொல்லோடு சேர்த்து எண்ணாதிருக்க முடியவில்லை.

அவ்வாறு காட்டில் தோன்றிய தொழிலைச் சாஸ்திரமாக உயர்த்தியது திருக்குறளின் ‘ஒற்றாடல்’ என்னும் 59-ஆம் அதிகாரம். பத்தே குறளில் அத்தொழிலின் முழு இலக்கணமும் அடங்கிவிடுகிறது. ஐயுறாத உருவமும், பிறர் உறுத்துப் பார்த்தாலும் அஞ்சாத கண்ணும், எவ்விடத்தும் மனத்தில் உள்ளதை உமிழாத வன்மையும் ஒற்றனுக்கு வேண்டுமென்கிறார். துறவியின் வேடம் அவனுக்கு உகந்ததென்கிறார். பகைவரை மட்டுமன்றி, அரசன் தன் வினைசெய்வாரையும் சுற்றத்தாரையும் கூட அவனைக் கொண்டு ஆராய வேண்டுமென்கிறார். இவற்றினும் நுட்பமானவை இறுதி மூன்று குறள்கள். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும் என்பது ஒன்று. ஒருவனை ஒருவன் அறியாதபடி ஒற்றர்களை ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்ப வேண்டும் என்பது மற்றொன்று. ஒற்றனைப் பலர் அறியச் சிறப்புச் செய்தலாகாது, செய்தால் அரசன் தன் மறையைத் தானே வெளியிட்டவன் ஆவான் என்பது மூன்றாவது. ஒரே இடத்தில் இரண்டு ஒற்றர், ஒருவரை ஒருவர் அறியாமல் உலவும் அந்த நிலையிலேதான் பிற்காலத்து நகைச்சுவைக் கதைகளின் வித்து இருக்கிறது. ஆனால் வள்ளுவருக்கு அது நகைச்சுவையன்று. உண்மையை அறிவதற்குரிய கடுமையான முறை.

வடமொழியில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் இதே மூவர் சாட்சியை வலியுறுத்துகிறது. நெடுங்காலம் பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த அந்தக் கிரந்தத்தின் ஏட்டுப் பிரதியைத் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர்ப் புத்தகசாலைக்கு அளித்தார், ஆர். சாமசாஸ்திரியார் 1909-இல் அதனை அச்சேற்றினார். துறவி, வணிகன், குடியானவன், மாணாக்கன் என்று ஒற்றர் பூணும் வேடங்களை வகைப்படுத்தும் அந்நூலின் 11-ஆம் அதிகரணம் நம்முடைய பொருளுக்கு மிக நெருங்கியது. ஒற்றுமையால் வலிமை பெற்ற சங்கங்களை உடைப்பதற்கு, அவற்றின் தலைவர்கள் ஒரே பேரழகியின் மீது மோகம் கொள்ளும்படி செய்து, அவள் ஒருவனுக்கு நம்பிக்கையளித்து மற்றவனிடம் செல்லும்படி ஏவி, அவர்களுக்குள் கலகம் மூட்டலாம் என்று அது வழி கூறுகிறது. திரைப்படத்தில் ஒற்றர் இருவர் பெண்ணைச் சூழ்கின்றனர். சாஸ்திரத்திலோ ஒற்றின் கருவியாகிய பெண் தலைவர் இருவரைச் சூழ்கிறாள். எவ்வாறாயினும் காதல் அங்கே கருவியாகிறது. எதிர்நிற்பவர் உயிருள்ள ஒருவர் என்ற நினைவு கழன்றுபோகிறது.

ஒற்றர் மலிந்த நாட்டில் சந்தேகமும் மலியும். அதற்குப் புறநானூற்றில் துயரமான ஒரு சான்று உண்டு. சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்திருந்த நாளில், நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் நுழைந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்ற நெடுங்கிள்ளி அவனைக் கொல்லத் துணிந்தான். பரிசில் நாடி வள்ளல்களைத் தேடி நெடுவழி நடந்து, பெற்றதைச் சுற்றத்தாருக்கு அளித்து, யாருக்கும் தீங்கு எண்ணாது வாழ்வது புலவர் வாழ்க்கை என்பதை எடுத்துரைத்துக் கோவூர் கிழார் அவனை உய்வித்தார். 47-ஆம் பாட்டு அந்த வழக்காடலே. சிலப்பதிகாரத்தில் நிலைமை நேர்மாறு. வடதிசைப் படையெடுப்பை அரசர்களுக்கு அறிவிக்க ஓலை போக்க வேண்டுமோ என்று சேரன் செங்குட்டுவன் அவையில் பேச்செழுந்தபோது, பிற நாட்டு ஒற்றர்கள் வஞ்சியின் வாயிலை விட்டு அகலுவதே இல்லையாதலால் நகரில் பறை அறைவித்தாலே போதும் என்றான் அழும்பில் வேள். பகைவனுடைய கண்ணையே தன்னுடைய தூதாக்கிக் கொண்ட அந்தத் துணிவில், ஒளித்துக் காண்பவனிடம் ஒளிக்காமல் நடப்பதே அவனை வெல்லும் வழி என்னும் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது.

இனி, காதலுக்கு வருவோம். தமிழர் காதலின் முதற்பகுதிக்குச் சூட்டிய பெயர் ‘களவு’. திருமணத்துக்கு முந்திய அந்த மறைவொழுக்கத்தின் சொற்களைத் தொகுத்துப் பார்த்தால், ஒற்றாடலின் நிகண்டு ஒன்றைப் புரட்டுவது போலவே இருக்கும். தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடத்துக்குக் குறி என்று பெயர். பகலில் பகற்குறி, இரவில் இரவுக்குறி. செய்தி கொண்டு செல்பவள் தோழி. தாய் துயிலாதிருத்தலும், ஊர் நாய் குரைத்தலும், காவலர் சுற்றி வருதலும், நிலவு எறித்தலும் சந்திப்புக்கு நேரும் இடையூறுகள். தலைவன் தன் வருகையை உணர்த்தச் செய்யும் ஓசை இயற்கையாகவே எழுந்துவிட, மரத்தில் புள் ஒலித்ததையோ நீரில் கனி விழுந்ததையோ அவன் குறியென்று கருதித் தலைவி வெளியே வந்து ஏமாறித் திரும்புதலும் உண்டு. அதற்கு ‘அல்லகுறிப்படுதல்’ என்று பெயர். மறை வெளிப்பட்டு ஊரார் வாய்க்குள் புகுந்தால் அது அலர். இவை யாவும் காட்டிலும் தினைப்புனத்திலும் கடற்கரைச் சோலையிலும் நிகழ்ந்த ரகசியப் பணிகள் அன்றி வேறென்ன?

வள்ளுவரும் இந்த ஒப்புமையை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்னும் தலைப்பு இரண்டு இடங்களில் வருகிறது. பொருட்பாலின் 71-ஆம் அதிகாரம், அரசன் வாய்திறவாமலே அவன் முகத்தை நோக்கி அகத்தை அறியும் அமைச்சனைப் பற்றியது. இன்பத்துப்பாலின் 110-ஆம் அதிகாரமோ, காதலி வாய்திறவாமலே அவள் பார்வையை நோக்கி உள்ளத்தை அறியும் காதலனைப் பற்றியது. தான் நோக்கும்போது நிலத்தை நோக்கி, நோக்காதபோது தன்னை நோக்கி மெல்ல நகுகின்றவளின் செயலை அவன் அங்கே படிக்கிறான். அயலாரைப் போலப் பொதுவாக நோக்கிக்கொள்ளுதல் காதலரிடத்தேதான் உண்டு என்று முடிவு கட்டுகிறான். அறியாதவர்போல் நடித்தல், ஓரக்கண்ணால் அளத்தல், சிறு குறிப்பிலிருந்து பெரும்பொருளை உய்த்துணர்தல் என்னும் மூன்றும் ஒற்றனுக்கும் காதலனுக்கும் பொதுவான கல்விகளே.

ஒற்றுமை இவ்வளவாயினும், ஒரு வேற்றுமை இருக்கிறது. களவில் மறைப்பது உலகத்திடம். ஒற்றில் மறைப்பது எதிரே நிற்பவரிடம். தலைவனும் தலைவியும் தம்முள் யாதும் ஒளிப்பதில்லை. இருவரும் கூடி ஊரையும் உறவையும் மறைக்கின்றனர். மறை என்பது அங்கே இருவருடைய பொதுச் சொத்து. காதலியையே உளவு பார்க்கும் ஒற்றனிடத்திலோ அந்த மறை ஒருவனுடைய ஆயுதமாகிவிடுகிறது. மற்றவர் அதற்கு இலக்காகிறார். மேலும், களவு முடிவில் வெளிப்பட்டே தீரவேண்டும். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உண்மையை எடுத்துரைக்கும் அறத்தொடு நிற்றலும், அதன் பயனாகிய கற்பு வாழ்வும் அதன் குறிக்கோள்கள். ஒற்றோ ஒருகாலும் வெளிப்படலாகாது. சிறப்புச் செய்தற் பொருட்டும் வெளிப்படுத்தலாகாது என்பதே வள்ளுவர் வாக்கு. ஒருவனே ஒற்றனாகவும் காதலனாகவும் இருக்க முற்பட்டால், மறைத்தே இரு என்று ஒரு கடமையும், மறையாதே என்று மற்றொரு கடமையும் அவனை இருபுறமும் இழுக்கும். அந்த இழுப்பு சிரிப்பில் முடிந்தால் நகைச்சுவைக் கதை; முடியாவிட்டால் பெருந்துயரம்.

காதலிலே பொய் புகுந்ததைத் தமிழர் எளிதாகக் கருதினாரல்லர். களவிற் கூடிய பின் அறியேன் என்று மறுப்போர் தோன்றியமையாலேயே திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் காரணம் காட்டும். கள்ளூர் என்னும் ஊரில் ஒரு பெண்ணின் நலனை நுகர்ந்த ஒருவன், அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தபோது, சான்றுகளால் உண்மை கண்ட அவையத்தார் அவனைக் கவட்டுக் கிளையிற் பிணித்துத் தலையிலே நீற்றைப் பெய்தனர் என்று அகநானூற்றின் 256-ஆம் பாட்டு கூறுகிறது. எதிரியிடம் பொய் கூறும் ஒற்றனுக்குச் சாஸ்திரம் வகுத்த அதே நாட்டில், காதலியிடம் பொய் கூறியவனுக்கு மன்றத்தின் நடுவே தண்டனை இருந்தது.

போட்டிக் காதலும் நமக்குப் புதிதன்று. முல்லை நிலத்து ஆயர் மகளிரை விரும்பிய இளைஞர் பலர், ஊரார் அனைவரும் காண, கொல்லேறுகளின் கொம்புகளுக்கிடையே பாய்ந்து தம் வீரத்தைக் காட்டியதைக் கலித்தொகையின் முல்லைக்கலி விரித்துரைக்கிறது. அங்கே மறைவுக்கு இடமே இல்லை. பெண்ணும் பரண்மீதிருந்து எல்லாவற்றையும் காண்கிறாள். வேந்தர்களின் போட்டி அத்தகைய அழகுடையதன்று. பெண் கேட்டு வந்த பெருவேந்தரும், கொடுக்க மறுத்த முதுகுடித் தந்தையும் எதிர்த்து நின்ற ‘மகட்பாற்காஞ்சி’ப் பாடல்கள் புறநானூற்றின் பிற்பகுதியில் தொடர்ந்து வருகின்றன. ஒரு பெண்ணின் அழகினால் இந்த ஊரே அழியப் போகிறதே என்று புலவர்கள் அங்கே வருந்துகின்றனர். அந்தப் பெண்ணின் விருப்பம் யாதென்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. போட்டி முற்றும்போது முதலில் மறைந்துபோவது அவளுடைய குரலே.

தொண்டை நாட்டின் சரித்திரத்தில் ஒற்றும் காதலும் ஒருங்கே நினைவுக்கு வரும் காலம் பல்லவர் காலம். மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடுகளும், அவன் மகன் நரசிம்மவர்மன் புலிகேசியை மணிமங்கலம் முதலிய களங்களில் வென்றான் என்று கூரம் செப்பேடுகளும் கூறுகின்றன. மணிமங்கலம் திருமழிசைக்குத் தெற்கே இருப்பது. புள்ளலூர் மேற்கே காஞ்சியை அடுத்திருப்பது. இந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு ஆசிரியர் கல்கி 1944 முதல் 1946 வரை தம் பத்திரிகையில் எழுதிய ‘சிவகாமியின் சபதம்’, தமிழில் ஒற்றர் கதைக்கு உயர்ந்த எடுத்துக்காட்டு. அதில் சளுக்க ஒற்றனாகிய நாகநந்தி பிக்ஷு வேடத்தில் வருகிறார். துறவியின் வேடம் ஒற்றனுக்கு உகந்தது என்ற வள்ளுவர் வாக்கு அங்கே உயிர் பெற்று நடமாடுகிறது. மகேந்திர சக்கரவர்த்தியே வஜ்ரபாகு என்னும் பெயரில் மாறுவேடம் பூண்டு பகைவர் நடுவே உலவுகிறார். பல்லவ ஒற்றர் படையின் தலைவன் சத்ருக்னன். இவர்கள் நடத்தும் சூழ்ச்சிகளுக்கெல்லாம் நடுவே, ஆயனச் சிற்பியின் மகளாகிய நாட்டியப் பெண் சிவகாமி நிற்கிறாள். அவளை இளவரசன் நரசிம்மவர்மனாகிய மாமல்லனும் விரும்புகிறான். பிக்ஷுவின் உள்ளமும் அவளிடத்தில் சிக்கிக்கொள்கிறது.

நாகநந்தியின் வேடத்தைப் பல்லவ ஒற்றர்கள் கிழிப்பதற்கு முன்னமே, அவள் நடனத்தின் மீது அவர் கொண்ட பித்து கிழிக்கத் தொடங்கிவிடுகிறது. உணர்ச்சியை உமிழாதிருக்கவேண்டிய ஒற்றன், கலையின் முன்னிலையில் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை. இருதரப்பாரும் சிவகாமியிடம் தத்தம் கருத்தை ஒளித்தே பழகினர். அதன் பயனை அவளே அனுபவித்தாள். வாதாபி வீழ்ந்து சபதம் நிறைவேறிய பின்னும் அவளுக்கு வாழ்வு கிட்டவில்லை. ஏகாம்பரநாதர் சந்நிதியே அவளுக்குப் புகலாயிற்று. ஒற்றர்கள் சூழ்ந்த காதல் நகைச்சுவையில் முடியாவிட்டால் எங்கே முடியும் என்பதைக் கல்கி அவர்கள் கருணையோடு எழுதிக் காட்டினார்.

கதையை விட்டு நிகழ்ச்சிக்கு வந்தால், திருமழிசைக்கு மேற்கேயுள்ள பூமி ஒற்றின் கொடுமையைக் கண்கூடாகக் கண்ட பூமி. 1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைதர் அலியின் பெருஞ்சேனை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. சென்னையிலிருந்து ஆங்கிலேயத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிக்குச் சென்று தங்க, குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லி அவரோடு சேர வேண்டியிருந்தது. வெள்ளம் பெருகிய கொசஸ்தலையாறு பெய்லியைத் தாமதப்படுத்தியது. செப்டம்பர் 6-ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு அவரை வழிமறித்தான். மன்றோ உதவிக்கு அனுப்பிய கர்னல் பிளெட்சர், தமக்கு அமர்த்தப்பட்ட வழிகாட்டிகளின் நேர்மையை ஐயுற்றுத் தடம் மாற்றி நடந்ததனாலேயே வழியில் அகப்படாமல் பெய்லியை அடைந்தார். ஹர்க்காராக்கள் என்று அந்நாளில் வழங்கிய செய்தியாளரும் வழிகாட்டிகளும் ஹைதருடைய கூலியையும் வாங்கிக்கொண்டிருந்தனர். மன்றோ தமக்கு எதிரே ஹைதர் இருப்பதாக எண்ணியிருந்தபோதே, அவன் இரவோடிரவாகப் படையைப் புள்ளலூருக்குத் திருப்பிவிட்டான். செப்டம்பர் 10-ஆம் தேதி காலை பெய்லியின் படை சூழப்பட்டது; மருந்து வண்டிகள் வெடித்தன; மாலைக்குள் அந்தப் படை இல்லை. மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார்; அந்நகரில் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் அவருடைய தோல்வி வண்ணச் சித்திரமாக இன்றும் காணப்படுகிறது. மகேந்திரன் வென்றதாகச் செப்பேடு கூறும் அதே புள்ளலூரில், ஏறத்தாழ 1,150 ஆண்டுகளுக்குப் பின், எதிரியின் கண்ணையே தன் கண்ணென்று நம்பியதால் ஒரு சேனை அழிந்தது.

பிரிட்டிஷ் ஆட்சி வேரூன்றிய பின் ஒற்றனுக்குப் புதிய பெயர் வந்தது; சி.ஐ.டி. என்ற மூன்றெழுத்து பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியார் இருந்த தெருவிலே இத்தகையோர் காவல் நின்றனர். அவரைக் காண வருவோர் யார், அவருக்கு வரும் கடிதம் எது என்று கணக்கெடுத்தனர். கண்ணனைக் காதலனாகவும் காதலியாகவும் பாடிக்கொண்டிருந்த ஒரு கவியின் வாயிலில், அந்தக் காதலின் பொருளை ஒரு சிறிதும் அறியமாட்டாத கண்கள் இரவும் பகலும் விழித்திருந்தன என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. காண்பது வேறு, அறிவது வேறு என்பதற்கு அந்தத் தெருவே சான்று.

சுதந்திரம் வந்து, வெளிநாட்டு ஒற்றன் ஜேம்ஸ் பாண்ட் 1962-இல் வெள்ளித்திரைக்கு வந்த பிறகு, அந்த அலை கோடம்பாக்கத்தையும் சேலத்தையும் எட்டியது. மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘வல்லவன் ஒருவன்’ 1966-இல் ஜெய்சங்கரைத் துப்பறியும் நாயகனாக்கியது. 1968-இல் பந்துலு இயக்கிய ‘ரகசிய போலீஸ் 115’ எம்.ஜி.ஆரை ஒற்றனாகக் காட்டியது. 1986-இல் சுஜாதாவின் கதையோடு ‘விக்ரம்’ வந்தது. இன்று திருமழிசைக்கு அருகே செம்பரம்பாக்கத்திலேயே படப்பிடிப்புத் தளங்கள் எழுந்து, ஒட்டிய மீசையோடும் பொய்த் துப்பாக்கியோடும் ஒற்றர்கள் ஏரிக்கரையோரம் நடமாடுகின்றனர். இப்படங்களின் காதற்காட்சிகளில் நாயகன் மாறுவேடத்தில் வந்து நாயகியை ஏமாற்றுவதும், உண்மை தெரிந்ததும் அவள் ஊடுவதும், பின் கூடுவதும் வழக்கமாகிவிட்டன. மக்கள் அவற்றைக் கண்டு சிரிப்பதில் குற்றமில்லை. வேடம் கலையும் அந்தக் கணத்துக்காகவே அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது; காதலில் மறை நெடுநாள் நிற்கக்கூடாது என்னும் பழைய களவியல் நீதி அரங்கின் இருட்டிலும் அவர்கள் நெஞ்சில் விழித்திருக்கிறது.

புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். திருமழிசையாழ்வார் பல சமயங்களையும் உள்நின்று ஆராய்ந்தவர் என்றும், மயிலையில் பேயாழ்வாரோடு வாதித்து அவருக்கு மாணாக்கரானவர் என்றும் கூறுவர். அவர் காஞ்சியில் திருவெஃகாவிலே தங்கியிருந்தபோது, அங்கே பணிசெய்த மூதாட்டி ஒருத்திக்கு இளமையை மீட்டுத் தந்தார். பல்லவ மன்னன் அவள் அழகில் ஈடுபட்டு மணந்துகொண்டான். ஆண்டுகள் சென்றன, மன்னன் மூத்தான், அவள் மூவாதிருந்தாள். காரணத்தை அவன் வினவியபோது அவள் சிறிதும் ஒளிக்காமல் ஆழ்வாரைப் பற்றிக் கூறிவிட்டாள். மன்னன் ஆழ்வாரின் சீடராகிய கணிகண்ணரை அழைத்து, உம் குருவை இங்கே கொண்டு வாரும் என்றான்; அவர் வாரார் என்று பதில் வந்தது. ஆயின் நீர் என்னைப் பாடும் என்றான். மானிடரைப் பாடேன் என்றார். நாடுகடத்தினான். சீடர் புறப்பட, குரு உடன் புறப்பட்டார். புறப்படும்போது பெருமாளிடமும் சொல்லிவிட்டு நடந்தார். பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். காஞ்சி இருண்டது. மன்னன் ஓடிவந்து அடிபணிந்தான். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிருக்கை என்று பெயர் பெற்று இன்று ஓரிக்கை என்று வழங்குகிறது. திரும்பி வந்து பள்ளிகொண்ட இறைவனுக்குச் சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர்.

சரித்திர ஆராய்ச்சியாளர் இக்கதையை எவ்வாறு மதிப்பினும் மதிக்கட்டும். நான் அதில் இரண்டு விதப் பின்தொடர்தலைக் காண்கிறேன். ஒற்றனும் பின்தொடர்கிறான், தான் தொடர்வது முன்னே செல்பவருக்குத் தெரியாதபடி, தன் காலடியோசையைத் தானே விழுங்கிக்கொண்டு தொடர்கிறான். அன்பு கொண்டவரும் பின்தொடர்கின்றனர். கணிகண்ணருக்குப் பின் ஆழ்வார், ஆழ்வாருக்குப் பின் ஆண்டவன் என்று, படுக்கையை வெளிப்படையாகச் சுருட்டித் தோளில் இட்டுக்கொண்டு, நகரம் முழுவதும் காணத் தொடர்ந்தனர். நாட்டைக் காக்க முதல் வகையினர் வேண்டும். வள்ளுவரே அதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். ஒரு வீட்டைத் தொடங்க நினைக்கும் இளைஞனுக்கோ, அவன் ஒற்றனே ஆயினும், இரண்டாவது வகையே வழி. முன்னே செல்பவள் திரும்பிப் பார்த்தால், பின்னே வருபவன் யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டும்.